ஏழாம் நம்பர் வீட்டுக்கு வெள்ளையடித்தது

கடைத்தெருவில் இன்னும் ஒரு கடையும் திறக்கவில்லை. கொளஞ்சியம்மாள் இரும்பு வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, குனிந்து பின்பக்கமாக நடந்தபடி, தெருவோரத்தில் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விரல்களைக் குவித்து, சுண்டுவிரல் ஓரமாக மட்டும் பவுடர் ஒழுகும்படி விட வேண்டும். கையைக் கொஞ்சம் தூக்கினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். தாழ்த்தினால் கட்டி கட்டியாக விழும். அந்தப் பேரூராட்சியில் துப்புரவு வேலைக்கு இருபத்திரண்டு பேர் இருந்தாலும், நூல் பிடித்த மாதிரி கோடு வருவது அவள் கைக்கு மட்டும்தான். இருபது வருஷத்தில் விரல் நகமெல்லாம் வெளுத்து, நுனி அரித்துப் போயிருந்தது.

“இன்னும் கெட்டியா வுடு கொளஞ்சி. ஜீப்புல போறவங்க கண்ணுக்குத் தெரிய வேணாமா?” என்றான் மேஸ்திரி பழனி. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியிருந்தான்.

“வர்றது யாரு மேஸ்திரி?”

“யாரா இருந்தா உனக்கு இன்னா? பெரிய ஆபீசரு. கோட்டப் போடு.”

யாராவது வருகிறார்கள் என்றால் அந்த ஊரில் இதுதான் நடக்கும். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பை ஆள் உயரத்துக்குக் கிடக்கும், சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவில் ஓடும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஜீப் போகிற வழியை மட்டும் கூட்டித் தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும். ஒருமுறை ஒரு அதிகாரி ஜீப்பை நிறுத்தி, “யாருய்யா கோடு போட்டது?” என்று கேட்டார். “நான்தான்யா போடச் சொன்னேன்” என்று பழனி முந்திக்கொண்டான். அவளைக் காட்டவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கொளஞ்சியம்மாள் ரொம்ப நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை முடித்துக் கையைக் கழுவியதும் அவள் நேரே பேரூராட்சி ஆபீசுக்குப் போனாள். இடுப்பில் ஒரு மனு செருகியிருந்தது. மூன்றாவது மனு.

துப்புரவு ஆட்களுக்கென்று ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம், குப்பை கொட்டும் மேட்டை ஒட்டி, பேரூராட்சி பத்து வீடு கட்டி விட்டிருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே கான்கிரீட் தளம். கட்டி இருபத்திரண்டு வருஷம். வாடகையைச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாதம்கூடத் தப்பியதில்லை. ரிப்பேர் என்று ஒரு கொத்தனார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை. ஏழாம் நம்பர் கொளஞ்சியம்மாளுடையது. அதில்தான் தளம் ரொம்ப மோசம். காரை பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் வரிசையாக வெளியே தெரிந்தன. ஆடி மாதம் ஒரு துண்டு கொதிக்கிற குழம்புச் சட்டியில் விழுந்தது. விழுந்த துண்டையெல்லாம் அவள் ஒரு யூரியா சாக்கில் போட்டுப் பின்கதவோரம் வைத்திருந்தாள். யாராவது பார்க்க வந்தால் காட்டலாம் என்று. சாக்கு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

கிளார்க் பதினோரு மணிக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று மனுவை நீட்டினாள். உள்ளே வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் துப்புரவு ஆட்களில் யாரும் உள்ளே போனதில்லை.

“வாடகை பாக்கி ஏதாவது இருக்குதா?”

“சம்பளத்துலயே புடிச்சிக்கிறீங்களே சார். பாக்கி எங்கேர்ந்து வரும்?”

“கேட்டா பதில் சொல்லு. ஜாஸ்தி பேசாத.” அவர் மனுவை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். “இதுக்கு முன்ன குடுத்தியா?”

“ரெண்டு தபா குடுத்தேன் சார். சித்திரையில ஒண்ணு, ஆனியில ஒண்ணு.”

“அது எங்க இருக்குதோ. சரி, ஓவர்சியர் வந்து பாத்து எழுதணும். அவரு எழுதினாத்தான் ரிப்பேர். வியாழக்கெழம வருவாரு, வூட்ல இரு.”

“கண்டிப்பா வருவாரா சார்? புள்ளத்தாச்சிப் பொண்ணு வரணும், அதுக்குத்தான் அவசரம்.”

“பொண்ணு வர்றதுக்கெல்லாம் கவர்மெண்டு வூடு கட்டுமா?” என்று அவர் அடுத்த ஃபைலை எடுத்தார். கொளஞ்சியம்மாள் திரும்பினாள். வியாழக்கிழமை என்று சொன்னதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவளுடைய ஒரே பெண் தங்கமணி மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆவணியில் சம்மந்தி ஆண்டாள் வந்திருந்தபோது, காபித் தம்ளருக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒரு துண்டு காரை விழுந்தது. ஆண்டாள் தம்ளரைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

“இந்த வூட்லயா எம் மருமவளப் படுக்க வெப்பே? தளத்தச் சரி பண்ணு சம்மந்தி, அனுப்பறேன். இல்லன்னா எங்க வூட்லயே பெத்துக்கட்டும். ஊரு சிரிச்சா உன்னப் பாத்துத்தான் சிரிக்கும், என்னப் பாத்து இல்ல.”

ஊர் சிரிப்பதைப் பற்றிக் கொளஞ்சியம்மாள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. போன மாதம் மணலூர்பேட்டைக்குப் போனபோது தங்கமணி மெலிந்து, கண் உள்ளே போயிருந்தாள். கைகளில் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். ஆண்டாள் அந்தப்பக்கம் போனதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “எம்மா, என்னக் கூட்டிகினு போயிடும்மா. இன்னும் சோகை உரிக்க அனுப்பிக்கினுதான் இருக்காங்க. குனிஞ்சா அடிவயித்துல சுருக்குன்னு வலிக்குது” என்றாள். அன்றிலிருந்து கொளஞ்சியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தளம் சரியானால் பெண் வருவாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி பழனி காலனிக்கே வந்து கத்திவிட்டுப் போனான். “வியாழக்கெழம ஓவர்சியர் வர்றாரு. காலனி பளிச்சுன்னு இருக்கணும். நாறிக்கினு இருந்துச்சின்னா ஒருத்தனுக்கும் லீவு கெடையாது, சொல்லிட்டேன்.”

அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். அதிகாரி வருகிறார் என்றால் அந்தப் பத்து வீட்டுக்காரர்களின் கை தானாகவே துடைப்பத்தைத் தேடும். எட்டாம் நம்பர் பாப்பாத்தி அன்றைக்கே சாக்கடையை வாரிப்போட்டாள். கொளஞ்சியம்மாள் கடைத்தெருவில் சாதுல்லா பாய் கடைக்குப் போய்க் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஒரு பொட்டலம் நீலமும் கேட்டாள்.

“இன்னாமா, பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்குதே?” என்றார் பாய்.

“ஓவர்சியர் வர்றாரு பாய். தளத்தப் பாத்து ரிப்பேருக்கு எழுதப் போறாரு.”

சாதுல்லா தராசைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ரிப்பேர் பாக்க வர்றவங்களுக்கு வெள்ளையடிச்சா காட்டுவ? இருக்கிறபடியே வுடுமா.”

“உங்க வூடுன்னா அப்பிடியே வுடலாம் பாய். எங்க வூடு அழுக்கா இருந்தா, வாசல்லயே மூக்கப் பொத்திக்கினு திரும்பிடுவாங்க. உள்ள கால வெச்சாத்தான அண்ணாந்து பாப்பாங்க?”

பாய் தராசைத் திரும்பவும் எடுத்தார். சுண்ணாம்பை ஒரு கை கூடவே அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அவள் புருஷன் இருசப்பன் சாக்கடை வேலைக்காரன். கல்வெர்ட்டு கட்டிய இடத்தில் மிஞ்சிய சிமெண்டு அரைச் சட்டி கொண்டுவந்திருந்தான். புதன்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்து சுவருக்கு அடித்தார்கள். சுவர் வெளுக்க வெளுக்கத் தளம் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. கம்பிகள், கறுப்புக் கறுப்பாக ஈரம், பூசணம்.

“இத்த இப்பிடியே வுடறதா?” என்றாள்.

“இத்தக் காட்டத்தான அவரு வர்றாரு?”

“யோவ், அண்ணாந்து பாக்கற நேரத்துல அவரு தலையில ஒரு துண்டு வுழுந்துச்சின்னா? ஆபீசரக் கொல்லப் பாத்தேன்னு ரெண்டு பேரு வேலையும் போவும். ஆடிக்கினு கெடக்கறத மட்டுமாச்சும் தட்டிவுட்டு, பூசிவுடு.”

இருசப்பனுக்கும் அது நியாயமாகப் பட்டது. பெஞ்சைப் போட்டு ஏறி, ஆடுகிற காரையைத் தட்டிவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே சிமெண்டை அப்பினான். அப்பிய இடம் திட்டாகத் தெரிந்ததால் மேலே சுண்ணாம்பையும் அடித்தான். ஒரு இடம் வெளுத்ததும் மற்ற இடம் கண்ணை உறுத்தியது. சாயங்காலத்துக்குள் தளம் முழுக்க நீலம் கலந்த வெள்ளையாகிவிட்டது. கொளஞ்சியம்மாள் தரையைக் கழுவினாள். பின்கதவோரம் இருந்த யூரியா சாக்கு கண்ணில் பட்டது. கழுவிய வீட்டில் அது மட்டும் குப்பையாக நின்றது. அதையும் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை டிராக்டரில் தன் கையாலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஓவர்சியர் வந்தார். காலனியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “பரவால்லையே, சுத்தமா வெச்சிருக்காங்களே” என்று பழனியிடம் சொன்னார். செருப்போடு ஏழாம் நம்பருக்குள் வந்து, நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார்.

“எங்கம்மா ஓட்டை? நல்லாத்தானே இருக்கு?”

“அது நேத்துப் பூசுனதுங்க. அதுக்குள்ள பூராவும் கம்பிதாங்க. கைப்புடி கைப்புடியா வுழுந்துகினு இருந்துதுங்க.”

“எங்க வுழுந்தது? காட்டு.”

அவள் பின்கதவோரம் திரும்பிப் பார்த்தாள். “கொட்டிட்டேன் சார்.”

“எங்க கொட்டின?”

“டிராக்டர்ல.”

பழனி சிரித்துவிட்டான். ஓவர்சியர் ரிஜிஸ்டரைத் திறந்தார். அவர் பேனா மூடியைக் கழற்றுவதைப் பார்த்ததும் கொளஞ்சியம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. மூலையில் சாத்தியிருந்த தெருத் துடைப்பத்தை எடுத்து, அதன் நீளக் கம்பால் தளத்தில் ஓங்கி ஒரு இடி இடித்தாள். இத்தனை நாளும் கதவை வேகமாகச் சாத்தினால் உதிர்ந்த தளம். இன்றைக்குப் பார்த்து ஒரு தூசு விழவில்லை. அவள் மறுபடியும் இடித்தாள், மறுபடியும். சுண்ணாம்புப் பொடி அவள் முகத்திலேயே கொட்டியது. சிமெண்டு கல்லாகப் பிடித்திருந்தது. இருசப்பன் ஒழுங்காகச் செய்த வேலை அந்த வருஷத்தில் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

“ஏய், நிறுத்து! கவர்மெண்டு சொத்த ஒடைக்கிறியா?” ஓவர்சியர் வாசலுக்குத் தாவிவிட்டார். “யாரக் கேட்டுப் பூசுனீங்க முதல்ல? பர்மிஷன் இருக்கா?”

“உங்க தலையில வுழுந்துடப் போவுதுன்னுதாங்க…”

“என் தலையப் பத்தி நீ கவலப்படாத. வெள்ளிமலையில போய்ப் பாரு, புல்லு வேஞ்ச குடிசையில குடும்பத்தோட இருக்கிறான். உங்களுக்குத் தளம் போட்ட வூடு குடுத்தும் பத்தல.”

அவர் வாசலில் நின்றபடியே நாலு வரி எழுதினார். பாப்பாத்தி வாங்கிவந்து நீட்டிய கலர் சோடாவை வேண்டாம் என்று கையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மொத்தம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும்.

பத்து நாள் கழித்து, காலையில் ஆஜர் எடுக்கும்போது, எல்லாரும் நிற்க மேஸ்திரி ஆபீசிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தான். “குடியிருப்பு எண் ஏழு நல்ல நிலையில் நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது. பழுதுபார்ப்பு தேவையில்லை. அனுமதியின்றி மேற்கூரையில் பூச்சு வேலை செய்தது குறித்துக் குடியிருப்போர் விளக்கம் அளிக்க வேண்டும்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் படித்தான். “பத்து குடியிருப்புகளும் நல்ல நிலையில் உள்ளதால், அடுத்த மாதம் முதல் வாடகை உயர்த்தி வசூலிக்கப்படும்.”

படித்து முடித்ததும் வரிசை கலைந்தது. பிறகு எல்லாருமே பேசினார்கள்.

“வெள்ளையா அடிக்கிற வெள்ள? இப்ப பத்து வூட்டுக்கும் சேத்து அடிச்சிட்ட” என்றாள் பாப்பாத்தி. “கம்முனு இருந்தவங்க தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியேக்கா. உன் பொண்ணு வர்றதுக்கு நாங்க ஏன் அழுவணும்?”

“நான் இன்னாடி பண்ணேன்? நீதான சாக்கடைய வாரிக் கொட்டுன? நீதான சோடா வாங்கியாந்த?”

“மனு எழுதிக் குடுத்தது நீ. எங்கள எவனும் கேக்கல.”

அதற்குப் பிறகு குழாயடியில் கொளஞ்சியம்மாள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு மறுபடியும் போனாள். கிளார்க் விளக்கக் கடிதத்தில் அவள் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து ரேகை வாங்கிக்கொண்டு, “ஃபைல் முடிஞ்சது. இனிமே இதப்பத்தி மனு எழுதாத” என்றார். அவள் விரலில் ஒட்டிய மையை அந்தச் சுவரிலேயே தேய்த்துவிட்டு வந்தாள்.

ஐப்பசி பிறந்ததும் ஆண்டாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றும் முன்பே தலையை நீட்டித் தளத்தைப் பார்த்தாள். வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அவள் முகம் இளகியது.

“ஆபீஸ்ல பண்ணிக் குடுத்துட்டாங்களா சம்மந்தி?”

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் தங்கமணி ஒன்பதாம் மாதமும் குனிந்து சோகை உரிப்பாள். கொளஞ்சியம்மாள் இருசப்பனைப் பார்த்தாள். அவன் பீடியைத் தேடுகிற மாதிரி மடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

“ஆமாம்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கமணி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் வளையல், தலைகொள்ளாத பூ. வந்த முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். கொளஞ்சியம்மாள் முருங்கைக்கீரையும் கருவாடும் ஆக்கிப்போட்டு, அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் கண் மட்டும் நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே போனது.

முன்பெல்லாம் அவளுக்குத் தளம் மனப்பாடம். எந்த இடம் கறுத்திருக்கிறது, எங்கே கீறல் ஓடுகிறது, எங்கே உப்பியிருக்கிறது என்று தெரியும். அந்த இடங்களை விட்டுவிட்டுப் பாய் போடுவாள், அடுப்பைத் தள்ளி வைப்பாள். இப்போது எல்லாம் ஒரே வெள்ளை. எது கெட்ட இடம், எது நல்ல இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் படுக்கிற கட்டிலை முதலில் ஜன்னலோரம் போட்டாள். மனசு கேட்காமல் அடுப்படிச் சுவரோரம் இழுத்தாள். அங்கேயும் பொறுக்காமல் எதிர்ச்சுவருக்கு மாற்றினாள்.

“இன்னாம்மா இது, கட்டில வெச்சிக்கினு தேர் இழுத்துகினு இருக்க?” என்று தங்கமணி சிரித்தாள்.

நாலு நாள் விடாமல் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் காலையில் வெயில் அடித்தது. கொளஞ்சியம்மாள் மார்க்கெட்டில் கூட்டிக்கொண்டிருந்தபோது காலனிப் பக்கமிருந்து ஆள் ஓடி வந்தது. அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏரிக்கரையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். “எம் பொண்ணு, எம் பொண்ணு” என்று கத்திக்கொண்டே ஓடியது அவளுக்கே கேட்கவில்லை.

தங்கமணி வாசலுக்கு வெளியே, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாத்தி அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒண்ணுக்குப் போக எழுந்து கதவைத் தாண்டியிருக்கிறாள், பின்னால் வீடே அதிர்ந்திருக்கிறது. உள்ளே கட்டில் இரண்டாக உடைந்து கிடந்தது. தலையணை இருந்த இடத்தில் அம்மிக்கல் அளவுக்குக் காரை. பழைய காரை தனியாக உதிர்ந்திருந்தால் கைப்பிடி கைப்பிடியாக விழுந்திருக்கும். இருசப்பன் அப்பிய சிமெண்டு அதையெல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஈரம் ஊறி, அக்கம்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மொத்தமாக இறங்கியிருந்தது. மேலே கம்பிகளுக்கு நடுவில் ஒரு இடத்தில் வானம் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் ஆண்டாள் வாடகைக் காரோடு வந்துவிட்டாள்.

“ஆபீஸ்ல பண்ணிக் குடுத்தாங்கன்னு சொன்னியே? உன் வாயால சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன் சம்மந்தி.”

“பெத்த பொண்ணுக்கே குழி வெட்டி, மேல கோலம் போட்டு வெச்சிருந்த பொம்பள நீ.” ஆண்டாள் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். “இனிமே புள்ளைய பாக்க வர்றேன்னு எம் படிய மிதிச்சிடாத.”

தங்கமணி காரில் ஏறும்போது அம்மாவைப் பார்த்தாள். வளையல் கை கார்க் கதவில் ஒருமுறை மோதியது. கொளஞ்சியம்மாள் வண்டி ஏரிக்கரை திரும்பும் வரைக்கும் நின்றாள். அழ வேண்டும்போல் இருந்தது, வரவில்லை.

விஷயம் டீக்கடையெல்லாம் பரவி, யாரோ மேலே போன் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் மேஸ்திரி பழனி காலனிக்கு வந்துவிட்டான். சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர்.

“பத்து மணிக்குப் பெரிய ஆபீசரு இடிஞ்ச வூட்டப் பாக்க வர்றாரு. எல்லாரும் கூட்டுங்க. கொளஞ்சி, மெயின் ரோட்டுலேர்ந்து உன் வூட்டு வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் கோடு. கெட்டியா போடு. அப்புறம் உள்ள கெடக்கறத அள்ளி டிராக்டர்ல கொட்டிடு.”

இருசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கொளஞ்சியம்மாள் அவனைத் தடுத்துவிட்டு வாளியை எடுத்தாள். மெயின் ரோட்டில் தொடங்கி, குனிந்து, பின்பக்கமாக நடந்து வந்தாள். குழாயடியைத் தாண்டினாள். பாப்பாத்தி குடத்தை எடுத்து வழிவிட்டாள். கோடு எப்போதும்போல நேராகவே வந்து, ஏழாம் நம்பர் படிக்கட்டில் முட்டி நின்றது. திரும்பப் போய் அடுத்த கோட்டையும் கொண்டுவந்து முடித்தாள்.

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உடைந்த கட்டிலின் மேல் கிடந்த காரைக் குவியலில் ஏறி உட்கார்ந்து, துடைப்பத்தை மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

“இன்னா உக்காந்துட்ட? அள்ளு, அள்ளு. நேரமாவுது.”

“அள்ள மாட்டேன் மேஸ்திரி.”

“கொழுப்பா?”

“ஒரு தபா அள்ளிட்டேன். போதும்.”

“வேல போயிடும் கொளஞ்சி. மெமோ இல்ல, நேரா வூட்டுக்குத்தான்.”

“எந்த வூட்டுக்கு?” என்றாள் அவள்.

பழனி வெளியே போய்ப் பாப்பாத்தியைக் கூப்பிட்டான். பாப்பாத்தி கூடையும் துடைப்பமுமாக வாசல் வரை வந்தாள். மேலே தெரிந்த கம்பிகளைப் பார்த்தாள். குவியலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. “நீயே அள்ளிக்கோ மேஸ்திரி, இடுப்பு புடிச்சிக்கிச்சி” என்று முணுமுணுத்துவிட்டு அங்கேயே நின்றாள். பழனி கையை ஓங்கிக்கொண்டு பாப்பாத்தி பக்கம் போனான். அதற்குள் ஏரிக்கரையில் ஜீப் சத்தம் கேட்டது.

ஜீப் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் அலுங்காமல் வந்து நின்றது. பெரிய அதிகாரி இறங்கினார். ஓவர்சியரும் பின்னாலேயே வந்தார். பெரிய அதிகாரி படியில் கால் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார், உடைந்த கட்டிலைப் பார்த்தார், அதன் மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“ஏம்மா, துப்புரவு வேலைதானே பாக்குறீங்க?” என்றார். “உங்க வீட்டையே இன்னும் கூட்டாம வெச்சிருக்கீங்களே?”

கொளஞ்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர் பூட்ஸ் மிதித்த இடத்தில் கோடு கலைந்து, படியில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது. பின்னால் ஓவர்சியர் ரிஜிஸ்டரைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.